வீட்டுக்காரி கம்பஸ் போன காலம்

"உங்கட மனிசி எங்க சேர்?"

ஒரு காலத்தில் நாவற்குடாவில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளில்லை. தபால்காரர் கேட்டார், தயிர்க்காரர் கேட்டார், கோயில் ஐயர் தீபத்தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார். நான் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் கேட்க வெட்கப்பட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிக் கேட்பித்தார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும் என்று நீ பிற்பாடு கேலி செய்வாய்.

"மனிசி கம்பஸ் போயிற்றா."

இன்று காலையில் அந்தக் கேள்வி மறுபடி என் காதில் விழுந்தது. எங்கள் தெருவுக்குப் புதிதாக வரத் தொடங்கியிருக்கும் மீன்காரர் மோட்டார்சைக்கிளை வாசலில் நிறுத்தி ஐஸ்பெட்டியைத் திறந்தார். வாவி இறாலின் வாசம் அடித்தது. "நல்ல இறால் சேர். மனிசியக் கூப்பிடுங்க, அவங்க பாத்து எடுப்பாங்க. மனிசி எங்க சேர்?" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் யோசிக்கு முன்பே வாய் பழைய பதிலைச் சொல்லிவிட்டது. அவர் என் நரைத்த தலையை ஒருதரம் பார்த்தார். "இந்த வயசிலயா?" என்று கேட்டார். "அதவிடக் கொஞ்சம் இளசு" என்று சொல்லி இறாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் ஆண்டு நினைவுக்கு ஒரு சிறு மலர் போடப்போகிறோம், அதற்கு நீங்கள் எழுதித் தர வேண்டும் என்று உன்னோடு வேலை செய்த பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது. உன் சாவைப் பற்றி எழுதப் போவதில்லை. நீ கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போன கதையைத்தான் எழுதப் போகிறேன்.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிறு காலையில் நாம் தப்பியது நம் கெட்டித்தனத்தால் அல்ல. வாவிப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு சடங்கு. நீயும் நானும் உன் அம்மாவும் விடியவே அங்கே போயிருந்தோம். திரும்பி வந்தபோது நம் வீட்டுக் குசினிச் சுவர் இல்லை. அறைகளில் சேறு. கிணற்றில் கடல். நம் தெருவில் திரும்பி வராதவர்களின் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். உனக்கு அவை தெரியும்.

அதற்குப் பிறகு கிணறுகளைப் பார்க்க ஒரு குழு வந்தது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவியோடு வீடு வீடாகப் போவார்கள். வாசிக்க எழுதத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள், நீ போனாய். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவள் நீ. கம்பஸுக்கு எடுபடும் அளவு புள்ளி வரவில்லை, மறுமுறை எழுதும் காலத்தில் ஊரில் நடந்த சண்டை எழுத விடவில்லை, பிறகு என்னைக் கட்டிக்கொண்டாய். நமக்குப் பிள்ளைகளும் இல்லை. உன் மூளை அத்தனை வருடம் சும்மா கிடந்தது என்பது அந்தக் கருவியை நீ கையில் எடுத்த நாளில்தான் எனக்கு விளங்கியது.

ஒரு பின்னேரம் சேறு அப்பிய காலோடு வந்து நின்று கேட்டாய். "ஒரே தெரு, ஒரே மண். பக்கத்து வீட்டுக் கிணத்துத் தண்ணி கெதியா நல்லாப் போயிற்று. நம்மட கிணறு இறைக்க இறைக்கக் கரிக்குது. ஏன்?"

"ஆழம் வேறயா இருக்கும்" என்றேன்.

"ரெண்டும் ஒரே ஆழம். நான் கயிறு விட்டு அளந்தனான்."

"அப்ப... ஊற்று வேற திசையில இருந்து வரும்."

"தெரியாட்டித் தெரியா எண்டு சொல்லுங்க சேர்" என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவப் போனாய். நீ என்னைச் சேர் என்று கூப்பிட்டால் அது மரியாதையில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் பட்டினத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடத்துறை டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாய். கூடப் படித்த பிள்ளைகள் உன்னை அன்ரி என்றார்கள். முதல் மாதம் கோபப்பட்டாய். இரண்டாம் மாதம் அவர்களுக்கும் சேர்த்து இடியப்பம் கட்டிக்கொண்டு போனாய். சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து போவாய். வாகரைப் பக்கமிருந்தும் வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் தங்கிய காலமும் அதற்குள் வந்தது. வாவிக்கு அப்பால் ஷெல் சத்தம் கேட்கும்போது வரைபலகையில் உன் கோடு நடுங்கும். அழிப்பாய், மறுபடி கீறுவாய். நான் பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு வைகாசியில் சண்டை முடிந்தது. சில ஊர்களில் வெடி கொளுத்தினார்கள். நம் தெருவில் ஆட்கள் படலையைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்த சொந்தங்களைப் பற்றிச் செய்தி வருமா என்று காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். சந்தோசம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் ரோட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தன.

அப்படித் திறந்த ஒரு ரோட்டால்தான் உன் செய்தியும் வந்தது. டிப்ளோமா முடித்தவர்களை எடுத்து, அவர்கள் ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் சேர்த்து, நேரே இரண்டாம் வருடத்தில் விடுகிற கம்பஸ் ஒன்று கொழும்புப் பக்கம் இருக்கிறது என்று உங்கள் விரிவுரையாளர் சொன்னார். விண்ணப்பித்தாய், நேர்முகத்துக்குப் போய் வந்தாய். இடம் கிடைத்துவிட்டது என்று அவர் சொன்ன அன்று நீ வீட்டுக்கு ஓடி வந்ததை நான் மறக்க மாட்டேன். வியர்த்து வழிந்து, மூச்சு வாங்கி, வாசலில் நின்று சிரித்தாய்.

"கிடைச்சிட்டு! இஞ்சாருங்க, கிடைச்சிட்டு!"

"சைக்கிள் எங்க புள்ள?"

நீ பின்னால் திரும்பிப் பார்த்தாய். சைக்கிளைக் கொலிஜிலேயே விட்டுவிட்டுப் பாலத்தால் நடந்தே வந்திருக்கிறாய். அது உனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாம் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். குசினிக்குள் இருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "என்னகா அங்க சிரிப்பு?"

இதை வாசிக்கிற இளையவர்களுக்காக இங்கே என் மாமியான உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அது கோபத்தால் அல்ல, மரியாதையால். நான் கலியாணம் முடித்து உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி என்னிடம் ஒரு சொல் நேரே சொன்னதில்லை. எல்லாம் உன் வழியாகத்தான் வரும். "அவருக்குச் சோறு போடு." "அவர் மழைக்குள்ள போறார், குடை எடுக்கட்டாம்." நான் பக்கத்தில் நின்றாலும் சரி. நீ அவசரத்தில் இருந்தால் எனக்கு வந்த செய்தியைச் சொல்லவே மாட்டாய். "கேட்டதுதானே?" என்று என்னைப் பார்த்துவிட்டுப் போவாய். நீ வீட்டில் இல்லாத நேரங்களில் மாமி தன் வெள்ளாட்டிடம் சொல்லுவா. "ஆடு, தேத்தண்ணி ஆறிப்போகுது." ஆடு குழையைத் தின்றுகொண்டு நிற்கும். நான் போய்த் தேத்தண்ணியை எடுப்பேன்.

அன்று பின்னேரம் மாமியிடம் நீ சொன்னாய். மாமி முதலில் கேட்டது நியாயமான கேள்வி. "பக்கத்தில வந்தாறுமூலையில கம்பஸ் இருக்கக்குள்ள என்னத்துக்குக் கொழும்பு?"

"அங்க என்ட பாடம் இல்லம்மா."

"இருக்கிற பாடத்தப் படி."

"அம்மா, மீன் வாங்கப் போன இடத்துல புடவையத் தந்தா வாங்கிக்கொண்டு வருவீங்களா?"

நீ போவதை மாமி தடுக்கவில்லை. அதை நான் இன்றைக்கும் சொல்லுவேன். அவவின் கவலை வேறு. "நீ போ. படி. ஆனா வீட்டுக்காரி இல்லாத வீட்டுல மருமகன் என்னெண்டு இருக்கிற? ஊர் என்ன கதைக்கும்? நீ வாற வரைக்கும் அவர் கிரானுக்குப் போய் இருக்கட்டும்."

கிரான் நான் பிறந்த ஊர். வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் வழக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். என் அப்பாவுக்கு ஒரு வீடும் கொஞ்சம் வயலும் இருந்தன. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆகவே கிரான் வீடு என் தங்கச்சிக்குப் போயிற்று. நாவற்குடா வீடு உனக்கு எழுதப்பட்டது. பிறந்த வீட்டில் நான் விருந்தாளி, இருக்கும் வீட்டில் நான் மருமகன். மனைவி இருக்கும்வரை ஆம்பிளைக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனால் என்ன ஆகும் என்று இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை. அவர்கள் காலத்தில் அப்படி யாரும் போகவில்லை.

நீ என்னைப் பார்த்தாய். "போவீங்களா?"

"போறன். அதில என்ன? கிரானிலயிருந்து பஸ் ஓடுதுதானே" என்றேன்.

நாம் புறப்பட்ட நாள் நினைவிருக்கிறதா? விடிந்ததும் பஸ் எடுத்தோம். சண்டை முடிந்தும் சோதனைச் சாவடிகள் இன்னும் முழுதாக எடுபடாத காலம். மன்னம்பிட்டியில் எல்லோரையும் பையோடு இறக்கினார்கள். உன் பையிலிருந்து நீளமாக ஒன்று, பழைய சேலைத்துணியால் சுற்றப்பட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் மெல்ல விலகி நின்றார்கள். ஆமிக்காரர் அவிழ்க்கச் சொன்னார். நீ அவிழ்த்தாய். படம் கீறுகிற மரத்தாலான டி-ஸ்கொயர்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் இளகிக் கேட்டார். "துவட்டத?" மகளுக்கா என்று கேட்கிறார்.

உனக்கு அப்போது தெரிந்த சிங்களம் ஒரு கைப்பிடி. அதிலிருந்து இரண்டு சொல்லை எடுத்தாய். "நே. மட்ட." இல்லை, எனக்கு.

அவர் உன்னையும் என்னையும் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்து அதற்குப் பயப்படாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் ஏறியதும் நீ என் காதுக்குள் சொன்னாய். "பாத்தீங்களா, சிங்களத்துல பாஸ்!"

கம்பஸ் வாசலில் உன்னை விட்டுவிட்டு நான் திரும்பினேன். நீ உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவேயில்லை. எனக்கு அதில் கவலை இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சில பிள்ளைகள் அப்படித்தான் போவார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்கும் ஆவல் அப்படி. அவர்களைப் பற்றி ஆசிரியர் கவலைப்படத் தேவையில்லை என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்குத் தப்பியது.

நடுவில் போய்ச் சேருவது சுலபமில்லை. ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸில் பாதி வழியில் ஏறுவது மாதிரி அது. தொடக்கத்தில் ஏறியவர்கள் இடம் பிடித்து, ஒருவரோடு ஒருவர் பழகி, ஜன்னலோரம் சாய்ந்திருப்பார்கள். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாம் ஆங்கிலம். தொழில்நுட்பக் கல்லூரியில் தமிழில் விளங்கிய பாடம் அங்கே புதுப் பாடம் போலத் தெரிந்தது. கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதி முடிக்கு முன் அழித்துவிடுகிறார்கள் என்று சொன்னாய். "பழகிரும்" என்று நான் சொன்னேன். "ஓம்" என்றாய். உன் ஓமில் காற்றில்லை.

நான் கிரானில் இருந்தேன். தங்கச்சி நல்லவள். பிறந்த வீட்டின் நடு அறையை எனக்கு ஒழித்துத் தந்தாள். அவளுடைய புருசன் வட்டைக்குப் போய் வயல் வேலை முடித்து வந்து முற்றத்தில் சாய்ந்துகொண்டு என்னைச் சீண்டுவார். "என்ன சேர் மச்சான், மாமி வீட்டுச் சோறு கசந்துபோச்சோ?"

"மனிசி கம்பஸ் போயிற்றா மச்சான்."

"அது சரி. மனிசி கம்பஸ் போனா நீங்க ஏன் கிரானுக்கு வந்த நீங்க?"

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் வேலிக்கு வெளியே அதே கேள்வியைப் பகிடியில்லாமல் கேட்கத் தொடங்கினார்கள். சேர் பெட்டியோடு வந்திருக்கிறார். வந்து அறுவடையும் முடியப்போகிறது. பிள்ளையுமில்லை. மனிசி கொழும்பில். ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? தினமும் பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் எனக்கு இடம் தருகிறவர்களின் முகத்தில் ஒரு இரக்கம் வரத் தொடங்கியது. நான் வந்தாறுமூலை கம்பஸ் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அங்கே இறங்குகிற பெட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போவேன். நீ எந்த வாசலில் இறங்குகிறாயோ என்று யோசிப்பேன்.

தங்கச்சி தாங்க மாட்டாமல் உனக்குப் போன் எடுத்துவிட்டாள். நல்ல மனதோடுதான். "மச்சாள், அண்ணன் இஞ்ச வந்து கிடக்கார். சனம் என்னென்னவோ கதைக்குது. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கிறீங்களா?" என்று கேட்டு அழுதிருக்கிறாள்.

மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் நீ எனக்கு எடுத்தாய். "நான் வாறன். நாளைக்கு விடியக் கோச்சியில ஏறுறன்."

"லீவா?"

"லீவில்ல. விடுறன். எனக்கு இஞ்ச ஒண்டும் விளங்குதுமில்ல. அங்க உங்கள அகதி மாதிரிப் பெட்டியோட வைச்சிக்கொண்டு நான் இஞ்ச என்னத்தப் படிக்கிற? போதும்."

அடுத்த கிழமை உனக்கு முதல் பரீட்சை. எழுதாமல் வந்தால் அந்த இடம் போய்விடும். மறுபடி கிடைக்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும். "வராத" என்று சொன்னேன். "நீங்க கிரான்லயிருந்து சொல்றீங்க" என்றாய். உண்மையில் அது ஒன்றுதான் பிரச்சினை. நான் எங்கே நின்று சொல்கிறேன் என்பது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நாவற்குடா வீட்டுக்கு நடந்தேன். படலையைத் திறக்கும்போதுதான் யோசனை வந்தது. மாமியிடம் எப்படிக் கதைப்பது? உள்ளே போய்க் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் மாமி வர மாட்டா. சொல்லுவதற்கு நீ இல்லை. முற்றத்தில் ஆடு மட்டும் கட்டியிருந்தது. குசினி ஜன்னலுக்குள் அசைவு தெரிந்தது.

உனக்கு இதை எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறேன். நீ ஒவ்வொரு தரமும் கண்ணீர் வரச் சிரிப்பாய். இன்னொரு தரம் கேள். நான் ஆட்டுக்கு முன்னால் போய் நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். நீளக் காற்சட்டை போட்ட கணித ஆசிரியர்.

"ஆடு, இந்த வீட்டு மகள் நாளைக்கு வாறாவாம்."

ஜன்னலுக்குள் அசைவு நின்றது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆடு, லீவா எண்டு கேளு."

"லீவில்லையாம் ஆடு. படிப்ப விட்டுட்டு வாறாவாம்."

"ஆடு, என்னத்துக்காம்?"

"மருமகன் பெட்டியோட கிரான்ல நிக்கிறாராம். குடும்பம் பிரிஞ்சிட்டு எண்டு ஊர் கதைக்குதாம். அத அவவால தாங்க ஏலாதாம். அடுத்த கிழமை சோதினை. விட்டா அந்த இடம் போயிரும் ஆடு. பிறகு அவ கிணத்தடியில இருந்து வாழ்நாள் முழுக்கத் தண்ணியப் பாத்துக்கொண்டு இருப்பா."

ஆடு என் பையின் வாரைக் கடித்து இழுக்கத் தொடங்கியது. நான் அதோடு இழுபறிப்பட்டுக்கொண்டிருக்கும்போது மாமி வெளியே வந்தா. தலையில் சேலைத் தலைப்புப் போட்டு, என் முகத்தைப் பார்த்து.

"இந்த ஆட்டுக்கு ஒண்டும் விளங்காது மகன். போன எடுங்க."

மாமி என்னிடம் நேரே சொன்ன முதற் சொற்கள் அவை. மகன் என்றா. நான் பையை ஆட்டிடம் விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். நீ பேசத் தொடங்கியதும் மாமி போனைப் பறித்து, வாவிக்கு அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினா.

"புள்ள! நான் அம்மா. நீ படிப்ப விட்டுப்போட்டு வந்தியெண்டா நான் வாசலத் திறக்கமாட்டன்!"

நீ ஏதோ சொன்னாய்.

"ஓம், உன்ட வீடுதான். வீடு உன்ட பேருல. திறப்புக் கொத்து என்ட இடுப்புல!"

மறுபடி ஏதோ சொன்னாய். மாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அவர் இஞ்ச இருப்பார். மருமகன் எண்டு இருக்க ஒண்ணாட்டி மகன் எண்டு இருப்பார். எனக்கும் ஆம்பிளப் பிள்ள இல்லதானே. கேக்கிறவங்களுக்கு நான் சொல்லிக்கொள்றன். நீ சோதினைய எழுது."

பிறகு நீ கேட்டது எனக்கே கேட்டது. "அம்மா, அவரோட கதைச்சீங்களா? நேரேயா?"

"நேரதான். ஆடு சரிவராது."

நீ அங்கே சிரிக்கத் தொடங்கினாய். அறைத்தோழி, தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாளாம். அவளுக்கு அந்த ஆட்டுக்கதையைச் சொல்லி விளங்கப்படுத்தியதுதான் நீ சிங்களத்தில் பேசிய முதல் முழுக்கதை என்று பிறகு சொன்னாய். அன்றைக்கு நீ ஒரு நிபந்தனையும் போட்டாய். "சரி, நிக்கிறன். ஆனா போன் எடுத்தா ஊர்க்கதை சொல்லாதீங்க. இண்டைக்கு என்ன படிச்ச எண்டு கேளுங்க. அதக் கேட்க ஒருத்தரும் இல்ல."

அன்று பின்னேரமே கிரானுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். மச்சான் படலை வரை வந்து வழியனுப்பினார். "மாமி என்ன சொன்னா?" என்று கேட்டார். "மகன் எண்டு சொன்னா" என்றேன். அவர் பகிடி பண்ணவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நானும் மாமியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருப்போம். "இண்டைக்கு என்ன படிச்ச?" என்று மாமி கேட்பா. நீ சொல்லுவாய். முதலில் தயங்கித் தயங்கி. பிறகு மடை திறந்த மாதிரி. மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று படித்த நாளில் நீ கத்திய கத்தல் இன்னும் என் காதில் நிற்கிறது. "எனக்கு விளங்கிட்டு! கடல்பக்கத்து மண்ணுக்குள்ள நல்ல தண்ணி மேல மிதக்குதாம், உப்புத் தண்ணி கீழ கிடக்குதாம். நாம விடாம இறைக்கக்குள்ள கீழ கிடந்தது மேல வந்திட்டு! பக்கத்து வீட்டுக்காரர் இறைக்கவேயில்ல, மழைக்கு விட்டுட்டார்!" மாமி அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னா. "அந்த மனிசன் சோம்பேறி. அவன் கெட்டித்தனத்தால விட்டதில்ல."

கொங்கிரீட்டைக் கட்டியாக வார்த்து, காய வைத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்த நாளிலும் இப்படித்தான். எவ்வளவு பாரம் தாங்கியது என்று நீ துள்ளித் துள்ளிச் சொன்னாய். "உடைக்கிறதுக்கா இவ்வளவு தூரம் போன நீ?" என்றா மாமி. நீ விளங்கப்படுத்தினாய். விளங்கப்படுத்தும்போது உனக்கே இன்னும் நன்றாக விளங்கியது. ஆசிரியத் தொழிலில் நான் கண்ட உண்மை அது. பாடம் கேட்கும்போது பாதிதான் விளங்கும். மற்றப் பாதி இன்னொருவருக்குச் சொல்லும்போது விளங்கும். உனக்கு அந்த மற்றப் பாதியைக் கேட்க இரண்டு பேர் இங்கே நாவற்குடாவில் குந்திக்கொண்டிருந்தோம். பரீட்சைகளில் நீ ஏறிக்கொண்டே போனாய்.

லீவுக்கு நீ வரும்போது வீடு மாறியிருந்தது. நானும் மாமியும் மீன் விலையிலிருந்து தேர்தல் வரை விடாமல் கதைப்போம். நடுவில் ஒரு சொல் போட உனக்கு இடம் கிடைக்காது. "நான் இல்லாம நல்லாத்தான் நடத்திறீங்க" என்று முகத்தைச் சுளிப்பாய். ஆனால் இரவுச் சாப்பாட்டில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டிருப்பாய்.

பட்டமளிப்புக்கு மாமி முதன்முதலாகக் கொழும்பைப் பார்த்தா. உன்னைக் கறுப்பு அங்கியில் கண்டு, "இவள் என்ன, வழக்கறிஞர் வேலைக்கா படிச்சவள்?" என்று என்னைக் கேட்டா. அந்தச் சிங்களப் பிள்ளை ஓடிவந்து மாமியின் காலைத் தொட்டு வணங்கியது. பிறகு உன்னிடம் ஏதோ கேட்டுச் சிரித்தது. ஆட்டைக் கூட்டி வரவில்லையா என்று கேட்டதாம்.

ஊருக்கு வந்து நீ செய்த வேலைகளை உன்னோடு நின்ற பிள்ளைகள் இந்த மலரில் எழுதுவார்கள். படுவான்கரையில் சனம் திரும்பிப் போன ஊர்களில் நீ அளந்து கட்டுவித்த பள்ளிக்கூடங்களை, இடம் பார்த்து வெட்டுவித்த கிணறுகளை. எனக்கு அவற்றில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. வெயிலில் தொப்பி போட்டு, நிலமட்டம் அளக்கும் கருவிக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டு நீ நின்றபோது, நான் பஸ்ஸில் கடந்து போனேன். பக்கத்தில் இருந்தவரிடம், கேட்காமலே, "அது என்ட மனிசி" என்று சொன்னேன்.

பிறகு உனக்கு நோய் வந்தது. நீ போய்விட்டாய். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரி இல்லாத வீட்டில் நான் இன்னும் இருக்கிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கிரானிலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். மாமி போனை வாங்கி, "என்ட மகன் எங்கயும் வரமாட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டா. விடிய எழும்பியதும் இருவரும் கதைக்கத் தொடங்குகிறோம். சில நாள் உன்னைப் பற்றி. பல நாள் மீன் விலை.

உன்னிடமிருந்து எனக்குள் தங்கிப்போனது என்ன என்று யோசித்தால், அது துக்கமில்லை. தூரத்திலிருந்து வருகிற ஒரு குரல் "எனக்கு விளங்கிட்டு!" என்று கத்தும்போது நெஞ்சில் ஏறுகிற அந்தத் துள்ளல்தான். ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போது தூர ஊர்க் கம்பஸ்களில் இருக்கிறார்கள். பின்னேரங்களில் யாராவது ஒருவருக்கு எடுக்கிறேன். மாமி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்கிறா. அவவுக்குக் காது மந்தம், ஆனாலும் கேட்கிறா.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் தூரத்தில் படித்துக்கொண்டிருந்தால் இன்று பின்னேரம் அவருக்குப் போன் எடுங்கள். சாப்பாட்டையும் செலவையும் ஊர்க்கதையையும் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு என்ன படித்தாய் என்று மட்டும் கேளுங்கள். சொல்லி முடியும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.